செய்தவன் எங்கே?

செய்யாறு என்னும் நம் ஊர்ப்பெயரைச் ‘செய்யார்’ என்று எழுதிய பலகையொன்றைச் சில திங்கட்கு முன் சென்னையில், ஒரு திறந்தவெளிக் கலை கைவினைக் கண்காட்சியில் கண்டேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, அவ்வாங்கிலத்தைத் திரும்பத் தமிழிற் பெயர்த்ததனால் நேர்ந்த பிழை அது. ஆறு போய் ஆர் வந்துவிட்டது. ஆசிரியத் தொழிலிற் பழகிய கண்ணுக்குப் பிழையே முதலிற் படும். ஆகவே அப்பலகைமுன் நின்றேன். ‘செய்யார்’ என்றால் செய்யாதவர் என்பது பொருள். பலகைக்குக் கீழே ஆரணிப்பட்டு என்று அடுக்கிவைத்திருந்த புடவைகளைக் காட்டி, ‘இவற்றை நெய்தவர் யார்?’ என்று கடையில் இருந்தவரை வினவினேன். ‘எங்கள் ஆள்கள்தாம்’ என்றார். ‘பெயர்?’ என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘பெயரெல்லாம் எதற்கு ஐயா, புடவையைப் பாருங்கள்’ என்றார். பாவு எது, ஊடை எது என்று கேட்டதற்கும் அவரிடம் மறுமொழி இல்லை. எழுத்துப்பிழை என்று நான் கருதிய ஒன்று பொருளளவில் பிழையாகாமற் போயிற்று. உண்மையிலேயே அது செய்யார் கடைதான்.

நான் அவ்விடம் சென்றதற்கு ஒரு கரணியம் உண்டு. ஆரணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் குழித்தறியில் அமர்ந்து இன்றும் கையால் நெய்பவர் ஒருவர், என்னிடம் தமிழ் பயின்ற மாணவர். அதே கண்காட்சியில் கடை கேட்டு அவரும் வேண்டுதாள் விடுத்திருந்தார். தாள் முழுவதும் ஆங்கிலம். நிரப்பித் தந்தவர் கணினிக் கடைக்காரர். அதற்கு ஒரு கூலி. தெரிவுக் கட்டணம் வேறு. ஐந்து ஒளிப்படங்கள் வேண்டும் என்றனர். தறியறையில் ஒளி எவ்வளவு இருக்கும் என்பதைத் தறி கண்டவர் அறிவர். கைப்பேசியால் எடுத்த படத்தில் மயிற்கழுத்து நிறம் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. இரண்டு கிழமை கழித்து ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. அவ்விரண்டு வரிக்குப் பொருள் கேட்கவே அவர் பேருந்தேறிச் செய்யாற்றுக்கு என் வீட்டுக்கு வந்தார். இம்முறை தெரிவு செய்யப்படவில்லை என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஏன் என்பதற்கு விடையில்லை. கட்டிய கட்டணமும் திரும்பவில்லை.

‘ஐயா, புடவையைத் தொட்டுப் பார்க்காமலே எப்படி ஐயா தள்ளினார்கள்?’ என்று கேட்டார்.

‘தெரியவில்லையே, தம்பி’ என்றேன். முப்பதாண்டாகப் பாடஞ் சொல்பவன் மாணவர் வினாவுக்கு விடையின்றி வாளா நின்றேன். அன்றுமுதல் அவ்வினா என்னை விட்டபாடில்லை.

கலைக்குத் தெரிவே கூடாது, வந்தவர் எல்லாரும் கடை விரிக்கட்டும் என்பார் நம் அன்பருள்ளும் உளர். எனக்கு அது உடன்பாடு அன்று. ஒருவன் ஆக்கிய பொருளை அறிந்தோர் அவைமுன் வைத்து, அவர் கேட்கும் வினாவுக்கு விடையிறுத்து, அதன்பின் உலகுக்குத் தருவது தமிழர் கண்ட முறை. தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது என்று அந்நூலின் பாயிரம் கூறும். தொல்காப்பியர்க்கே நடுவர் உண்டு எனின், ஏனையோர் எம்மாத்திரம்? ஆனால் அங்கே நடுவராய் இருந்தவர் இலக்கணம் வல்லவர். நூலாசிரியரும் எதிரே நின்றார். நூலும் அவர் வாயாலேயே உரைக்கப்பட்டது. நடுவர், படைத்தவர், படைப்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இருந்தன என்பதைக் கருத்தில் வைக்க வேண்டுகிறேன்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இதனை இன்னும் விளங்கக் காட்டும். மாதவி ஏழாண்டு பயின்று, பன்னீராண்டு நிரம்பியபின் சோழன்முன் ஆடினாள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் பெற்றாள். இதனை எல்லாரும் அறிவர். ஆயினும், அவள் ஆடுமுன் அக்காதை எத்தனை பேரின் தகுதியை அளந்து சொல்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரும் எவ்வெவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பது முதலில் வரும். பின்னர் அரங்கின் அளவு: நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் 1 கோல், கோல் என்பது 24 பெருவிரல் அளவு. இத்தனைக்கும் பின்னரே பெண் மேடையேறுகிறாள். அளக்கும் கோலை முதலில் அளந்துவிட்டு அதன்பின் ஆளை அளந்தனர் நம் முன்னோர். இன்றைய கண்காட்சிக் குழுவினர் ஆளை அளக்கின்றனர். கோலை யார் அளந்தது?

திறந்தவெளியும் நமக்குப் புதிதன்று. புகாரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, சோலை மரங்களின் அடியையே தூணாக்கிக் கடை அமைத்தனர். அதுவே நாளங்காடி. கூரையும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. இன்றும் மாமல்லபுரம் சென்றால், தெருவோரத்தில் கல்லும் உளியுமாக அமர்ந்திருப்போர் நாள்தோறும் நடத்துவது திறந்தவெளிக் கண்காட்சியே அன்றோ? வாங்குபவன் கல் உடையும் ஓசையைக் கேட்டுக்கொண்டே விலை பேசுகிறான். செய்தவன் யார் என்று அங்கே வினவ வேண்டியதில்லை. அவன் முகத்தில் கற்றூள் படிந்திருக்கும்.

இப்போது உலகில் பரவியுள்ள நடுவர்வழிக் கண்காட்சி முறை மேலை நாட்டில் வளர்ந்தது. அதனை வெறுமனே பழித்தல் அறிவுடைமையாகாது. எவ்வாறு நடைபெறுகிறது என்று தெரிந்துகொள்வோம். 1931இல், பெரும் பொருள்முடை நாளில், நியூயார்க்கின் வாசிங்டன் சதுக்கத்தருகே ஓவியர்கள் தம் படங்களைத் தெருவில் சாய்த்துவைத்து விற்றனர். அதிலிருந்து எழுந்த கண்காட்சி வழிவழி நடந்துவந்தது. 1960இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் தெருக்கலை விழா தொடங்கியது. இத்தகைய விழாக்கள் இன்று அந்நாட்டில் எண்ணற்றவை. கலைஞர் தம் படைப்புகளின் ஒளிப்படங்கள் சிலவற்றையும், கடை அமைப்பின் படம் ஒன்றையும் அனுப்புவர்; திரும்பத் தராத கட்டணமும் செலுத்துவர். நடுவர்க்குக் கலைஞர் பெயர் காட்டப்படுவதில்லை. படங்கள் திரையில் ஓட, மதிப்பெண் இடுவர். பெயரை மறைத்தல் நயன்மைக்கு உதவும் என்பதை ஒப்புகிறேன். ஆனால் சில நொடி திரையில் நிற்கும் படத்தைக் கொண்டு ஒருவனது ஓராண்டுப் பிழைப்பை முடிவு செய்கின்றனரே என்ற முறையீடு அங்கேயும் எழாமல் இல்லை. நல்ல ஒளிப்படக்காரனை அமர்த்தப் பணம் உள்ளவன் வெல்கிறான் என்று அந்நாட்டுக் கலைஞரே குறைகூறுவர்.

எனினும் அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. அதைத்தான் நாம் இறக்குமதி செய்ய மறந்தோம். படைத்தவரே கடையில் இருத்தல் வேண்டும். முகவர் நிற்றல் ஆகாது. வேறெங்கோ வாங்கிய பொருளைத் தம் பொருள் என்று வைத்திருப்பது தெரிந்தால் கடையைக் கட்டச் சொல்வர். விதியை மீறுவோர் அங்கும் உளர். ஆனால் விதி உண்டு. நம்மவர் வேண்டுதாளையும், கட்டணத்தையும், ஒளிப்படத்தையும் கொண்டுவந்தனர். செய்தவன் வரவேண்டும் என்னும் உயிர்நாடியை மட்டும் அங்கேயே விட்டுவந்தனர்.

நடுவர் குழு நம் நாட்டுக்கு வந்தது ஆங்கிலர் காலத்தில். 1850இல் அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். அதுவே இன்றைய கவின்கலைக் கல்லூரி. 1855இல் சென்னையில் பெருங்கண்காட்சி ஒன்று நடந்தது. தென்னாட்டு விளைபொருள், கைவினை, துணி யாவும் காட்சிக்கு வந்தன. துறைதோறும் நடுவர் குழு அமைந்து அறிக்கை எழுதியது. அவ்வறிக்கைகள் அச்சிலும் வந்தன. வெள்ளையன் தன் வணிக நலத்துக்காகச் செய்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், எது நன்று, எது தீது, ஏன் என்று எழுதிவைத்தான். விடுதலை பெற்ற நாட்டில் என் மாணவர்க்குக் கிடைத்தவை இரண்டு வரிகள்.

நடுவர் தவறுவது இங்குமட்டும் நிகழ்வதன்று. 1863இல் பாரிசு நகரத்து அரசுக் கண்காட்சியின் நடுவர் ஆயிரக்கணக்கான ஓவியங்களைத் தள்ளினர். கூச்சல் எழவே, தள்ளப்பட்டவற்றைத் தனியே காட்டும்படி மூன்றாம் நெப்போலியன் ஆணையிட்டான். அவற்றுள் மானே என்பவரின் ஓவியமும் இருந்தது. இன்று அவர் பெயர் நிற்கிறது; தள்ளிய நடுவர் பெயரை யார் அறிவார்? அங்கே தள்ளப்பட்டோர்க்கு ஒரு கூடமாவது கிடைத்தது.

நம் பக்கம் வருவோம். அரியானாவில் 1987இல் தொடங்கிய சூரசுகுண்டுக் கைவினைச் சந்தையும், தில்லியில் 1994இல் திறந்த ‘தில்லி ஆட்டு’ அங்காடியும் கைவினைஞர்க்கு என்றே ஏற்பட்டவை. பின்னதில் பதிவு பெற்ற கைவினைஞர்க்கு முறைவைத்துப் பதினைந்து நாள் கடை தருவது நல்ல ஏற்பாடு. ஆயினும் வணிகர் நுழைந்துவிட்டனர் என்னும் முறையீடு அங்கும் ஓயவில்லை. பெங்களூரில் கருநாடக ஓவியக்கலை மன்றம் இருபதாண்டுக்கு மேலாகச் சித்திரச் சந்தை நடத்துகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலையையே மறித்து, ஓவியரைச் சாலையோரம் அமர்த்திவிடுகின்றனர். கன்னடர் அதற்குத் தம் மொழியிற் சந்தை என்றே பெயரிட்டனர், வெட்கப்படவில்லை. நம் சென்னையில் நிகழ்வனவற்றின் பெயர்ப்பலகைகளைப் படித்துப் பாருங்கள். பாதி ஆங்கிலம், மீதி தமிங்கிலம்.

அரசைப் பொறுத்தவரை குறையே கூறிச் செல்வது என் நோக்கம் அன்று. ‘தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு’ என்று எவ்வளவு அழகிய தமிழ்ப்பெயர்! தில்லியிலுள்ளதை ‘லலிதகலா’ என்று அவர்கள் வழங்க, நாம் ‘நுண்கலை’ என்றோம். கைவினை வளர்ச்சிக் கழகத்திற்கு 1973இல் பூம்புகார் என்று பெயர் வைத்ததும் நன்றே. அதே பூம்புகார் முதிய கைவினைஞர்க்கு வழங்கும் விருதுக்கு ‘வாழும் கைவினைப் பொக்கிசம்’ என்று பெயரிட்டதுதான் ஏன் என்று விளங்கவில்லை. கருவூலம் என்ற சொல் எங்கே போயிற்று? இது போகட்டும்.

நுண்கலை என்றும் கைவினை என்றும் இரண்டு பந்தி வைத்துப் பரிமாறுவதே என் நெஞ்சை உறுத்துவது. ஓவியன் தட்டில் ஒன்று, நெசவாளி தட்டில் ஒன்று. முன்னவன் ‘கலைஞன்’, அவன் பெயர் படத்தின் மூலையில் உண்டு. பின்னவன் ‘பயனாளி’, அவன் பெயர் அலுவலகப் பதிவேட்டில் மட்டும் உண்டு. இப்பிரிவு தமிழில் இல்லை. மதுரைக்காஞ்சி ஓவியனைக் கண்ணுள் வினைஞன் என்கிறது. அவனும் வினைஞன், கொல்லனும் வினைஞன். மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாட்டுக் கைவல்லார் தமிழ் வினைஞரோடு கூடிச் செய்த மண்டபம் ஒன்றை மணிமேகலை கூறும். அங்கே யார் கலைஞர், யார் தொழிலாளர் என்று எவரும் பிரிக்கவில்லை. அண்மைக் காலத்துச் சான்றும் ஒன்று தருவேன். 1966இல் கே.சி.எசு. பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் சிற்றூரை அமைத்தனர். நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? மெழுகிட்டுச் சாயந்தோய்த்த துணிகள் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணம் அதற்குக் கைகொடுத்தது. கைவினை சோறு போட நுண்கலை வளர்ந்தது. இன்று உண்டவன் ஊட்டியவனை வாயிற்படியில் நிறுத்துகிறான்.

தொடாமல் தெரிவு செய்தல் ஏன் இயலாது என்பதைப் பட்டை வைத்தே சொல்கிறேன். கோர்வை போட்ட புடவையில் உடலின் ஊடை கரைக்குள் செல்வதில்லை. கரைக்குத் தனி நாடா. இருபுறக் கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓடும். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அதனாலேயே உடல்நிறமும் கரைநிறமும் ஒன்றோடொன்று கலவாமல் நிற்கும். படத்தில் நிறம் தெரியலாம். ஆனால் புடவையைப் பின்புறம் திருப்பி, கரை சேரும் இடத்தை விரலால் தடவி, இழை நெகிழ்ந்துள்ளதா, இறுகியுள்ளதா என்று பார்க்கப் படம் உதவுமா? சரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று திரை சொல்லுமா? ஆரணிப்பட்டு காஞ்சிப்பட்டினும் எடை குறைந்தது. கட்டுபவர்க்கு இலேசாய் இருக்கும் என்றே அதனை விரும்பி வாங்குவோர் பலர். எடையைக் கண்ணாற் காண்பது எங்ஙனம்? கண்ணால் மட்டும் தெரிவு செய்தால், விசைத்தறியில் ஓடிய துணியும் கைத்தறித் துணியும் ஒன்றாகவே தோன்றும். சில வகைத் துணிகள் கைத்தறிக்கே உரியவை என்று 1985இல் சட்டம் வந்தது. 22 வகை என்று தொடங்கிப் பின்னர் 11 ஆகச் சுருங்கியது. 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. ஆரணிப்பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இத்தனை காவலுக்கும் பின்னர், சென்னைக் கண்காட்சியில் பாவறியாதவர் பட்டு விற்கிறார், நெய்தவர் வீட்டிலிருக்கிறார்.

‘ஐயா, இது வணிகச் செய்தி, நமக்கு மொழிப்பணி இருக்க இதில் ஏன் தலையிட வேண்டும்?’ என்று நம் இயக்கத்து இளைஞர் ஒருவர் கேட்டார். அவரை ஒருநாள் ஒண்ணுபுரம் பக்கம் அழைத்துச் சென்றேன். பாவு, ஊடை, விழுது, தார், முந்தி, குழித்தறி என்று ஒரு நாழிகைக்குள் அவர் அதுவரை ஆளாத சொற்கள் பலவற்றைக் கேட்டார். எழுதிக்கொள்ளத் தாள் போதவில்லை. இச்சொற்களை அகரமுதலியில் ஏற்றிவிடலாம். ஆனால் ஏற்றிய சொல் வாழ, அதை நாள்தோறும் வாயில் வழங்கும் வீடு வேண்டும். தறி நின்ற வீட்டில் அடுத்த தலைமுறைக்குத் தார் என்றால் சாலையில் ஊற்றுவதுதான். நாம் புதுச்சொல் ஆக்கிக்கொண்டிருக்கும்போதே பழஞ்சொல் பின்வாயில் வழியே போய்க்கொண்டிருக்கிறது. இதில் நம்மீதும் பழி உண்டு. நம் மாநாட்டுப் பந்தலில் நூற்கடைகள் வரிசையாய் இருக்கும். ஒரு தறி, ஒரு திருகை, ஒரு பாய்முடைவார் இருந்ததை நான் கண்டதில்லை. மேடையில் நாம் உடுத்திருப்பதும் ஆலைத்துணியே. எழுதும் நானும் அன்று ஆலைவேட்டிதான் கட்டியிருந்தேன்.

ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். செய்யாற்றில் நாமே ஒரு கண்காட்சி நடத்த வேண்டும். நடுவர் தெரிவும் வேண்டும். அந்நடுவரை எப்படித் தெரிவது என்பதற்கு நெடுந்தொலைவு போகவேண்டா. நம் ஊருக்குக் கிழக்கே உத்திரமேரூர் இருக்கிறது. முதற்பராந்தகன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் அங்குள்ள கோவிற்சுவரில் உள. முப்பது குடும்பு, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அகவை 35க்கு மேல் 70க்குள். மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் வரலாகாது. அச்சபை அந்தணர் ஊரின் சபை என்பதும், வடமொழி மறை அறிவையும் நிலவுடைமையையும் தகுதியாக வைத்தது என்பதும் நான் அறியாதவையல்ல. நம் பேச்சாளர் சிலர் இதை மறைத்துவிட்டுக் குடியாட்சி என்று முழங்குவது சரியன்று. அத்தகுதியை அவர்களிடமே விட்டுவிடுவோம். குடமும், மூன்றாண்டு விலக்கும், உறவு விலக்கும் நமக்குப் போதும்.

நெசவுக்கு ஒரு குடம், கல்லுக்கு ஒரு குடம், மரத்துக்கும் மண்ணுக்கும் ஓவியத்துக்கும் ஒவ்வொன்று. வந்தவாசிக் கோரைப்பாய்க்கும் ஒன்று வேண்டும். கூத்தர்க்கு முடியும் தோட்கட்டையும் செதுக்குபவரையும் விட்டுவிடலாகாது. புரிசை இருக்கும் வட்டத்தில் அவரை மறந்தால் நம்மைவிட நன்றியில்லாதவர் எவர்? பத்தாண்டேனும் அத்தொழிலில் கைவைத்தவர் பெயரே ஓலையில் ஏறும். ஒருவர் பொருளை அவர் உறவினர் தீர்ப்பிட நேர்ந்தால் எழுந்து வெளியே நிற்பார். பொருள் நேரே வரவேண்டும், படம் வேண்டா. செய்தவரும் உடன்வர வேண்டும். தள்ளினால் ஏன் என்று தமிழில், அவர் படித்தறியும்படி எழுதித் தரவேண்டும். கட்டணம் வாங்குவதானால் தள்ளப்பட்டவர்க்குத் திருப்பித் தரவேண்டும்.

தொழிலறிந்தவரே நடுவரானால் அழுக்காறு குறுக்கிடும் என்பர். குறுக்கிடும், யான் மறுக்கவில்லை. ஆனால் அறியாதவனின் நடுநிலைமையைக் காட்டிலும் அறிந்தவனின் அழுக்காறு எனக்கு அச்சம் தருவதன்று. அறிந்தவன் பொய் சொன்னால் அவன் எழுதித்தந்த கரணியத்தை இன்னொரு நெசவாளி படித்தே கண்டுபிடித்துவிடுவான். அறியாதவன் எதையும் எழுதுவதில்லை. ஆகவே அவனைப் பிடிக்க முடியாது. வாங்குவோர் வருவரா என்பது வேறு வினா, கடுமையான வினா. செய்யாறு சென்னையன்று. முதலாண்டு விற்பனை குறைவாகவே இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து மாமண்டூர்க் குடைவரை காண வருவோர் சிலராவது அவ்வழியே நம் ஊருக்கும் வரக்கூடும். ஓவியப்புலி என்று பொருள்படும் பட்டம் பூண்ட மகேந்திரவர்மன் குடைந்த கோவில் அங்குளது. இதற்குமேல் என்னிடம் உறுதி இல்லை.

மாணவரிடம் இவற்றைச் சொன்னேன். கடை கேட்பார் என்று நினைத்தேன். ‘கடை இருக்கட்டும் ஐயா, நெசவுக் குடத்தில் என் பெயரை ஓலையில் எழுதிப் போடுவீர்களா?’ என்று கேட்டார். அகவை 35 ஆகவில்லையே என்றேன். சிரித்தார். அப்படியானால் தறியோடு வருகிறேன் என்றார். குழித்தறியைப் பெயர்த்துக் கொண்டுவர முடியாது. மிதியடிக்குக் குழி வேண்டும். பள்ளித்திடலின் ஓரத்தில் குழி வெட்டிக்கொள்ள இசைவு கேட்டுத் தலைமையாசிரியர்க்கு மடல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் விழுந்துவிடுவார்களே என்று அவர் தயங்குகிறார். குழியின் நீள அகல ஆழத்தை மாணவர் தாளில் குறித்து நேற்று அனுப்பியிருக்கிறார். மூடுவதற்கு ஒரு பலகையின் அளவும் அதில் உண்டு.